வான்கோழி மயிலைப் பார்த்ததில்லை

தமிழ்ப் பாடநூல் வழியாக வளர்ந்த நம்மில் பலர், வான்கோழியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறோம். மூதுரையின் அந்த வெண்பாவை அறியாதவர் குறைவு. காட்டில் மயில் ஆடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வான்கோழிக்குத் தானும் மயில்தான் என்ற நினைப்பு வருகிறது. பார்க்கச் சகிக்காத தன் சிறகை விரித்து அதுவும் ஆடுகிறது. படிப்பில்லாதவர் கவிபாட வருவதும் இப்படித்தான் என்று பாடல் முடிகிறது.

ஒளவையார் என்ற பெண்ணின் பெயரில் வழங்கும் பாடல் இது. ஆனால் நான் பாடம் நடத்தும் இந்த எல்லைப் பகுதியில் அது பெரும்பாலும் பெண்கள் மீதுதான் எறியப்படுகிறது. எங்கள் கல்லூரிகளுக்கு வரும் பெண்களில் பலர், தம் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். தளி, அஞ்செட்டி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி என்று எல்லை ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வருகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் எழுதக் கற்றவர்கள் பலர். அப்படி ஒருத்தி ஒரு விழாவில் தன் கவிதையை வாசித்துவிட்டு இறங்கினாள். ழகரம் சற்றுப் பிசகியிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், “வான்கோழியும் ஆடிடுச்சு” என்றார். அரங்கம் சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதியதை யாரிடமும் காட்டவில்லை.

அந்த உவமையில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. ஒன்று, வான்கோழி பார்த்துச் செய்கிறது. இரண்டு, அது செய்வது அழகாக இல்லை. இந்தப் பறவையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது இரண்டுமே நிற்கவில்லை. கூடவே வேறொன்றும் தெரிந்தது. வான்கோழி போன இடமெல்லாம் அதை வளர்த்த, சமைத்த, விருந்தாக்கிய உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது. வரலாற்றில் பெயர் பெற்றவர்களோ பெரும்பாலும் வேறு ஆட்கள்.

*

முதலில் ஒரு கால முரண். வான்கோழியின் தாயகம் வட அமெரிக்கா. அங்கே, குறிப்பாக மெக்சிகோவில், அதை மனிதர்கள் பழக்கி ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஆகின்றன. ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கடல் கடந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்தியாவுக்கு அது வந்தது அதற்குப் பிறகு, போர்த்துகீசியர் வழியாக. மூதுரை பாடிய ஒளவையாரையோ நாம் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைத்துப் பேசுகிறோம். அந்தக் காலத்தில் தமிழ் மண்ணில் இந்தப் பறவை இருந்திருக்க வழியே இல்லை.

அப்படியென்றால் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். அந்த வெண்பா நாம் நினைப்பதைவிடப் பிந்தியது. அல்லது, வான்கோழி என்று முன்பு வேறொரு பறவைக்கு இருந்த பெயர், பின்னால் கப்பலேறி வந்த இந்தப் பறவைக்கு மாறிவிட்டது. இரண்டாவது நடந்திருந்தால், யாரோ ஒரு பறவை மேல் சொன்ன பழி, சம்பந்தமே இல்லாத புதுப் பறவையின் தலையில் விழுந்திருக்கிறது. புகுந்த வீட்டில் முந்தைய மருமகளின் குறைகளையும் சேர்த்துச் சுமப்பவளைப் போல.

இந்தியாவில் வான்கோழி வந்து இறங்கியதற்குத் தெளிவான சான்று ஒன்று முகலாய அரசவையிலிருந்து கிடைக்கிறது. 1612-இல், பேரரசர் ஜஹாங்கீரின் ஆணைப்படி கோவா சென்ற முகர்ரப் கான், அங்கிருந்து பல அபூர்வ உயிர்களை வாங்கி வந்தார். அவற்றில் ஒரு வான்கோழியும் இருந்தது. ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் அதை வியந்து எழுதுகிறார். உருவத்தில் பெண்மயிலைவிடப் பெரிது, ஆண்மயிலைவிடச் சிறிது. கிளர்ச்சியடையும்போது மயிலைப் போலவே இறகை விரித்து ஆடுகிறது. தலையும் கழுத்தும் பச்சோந்தியைப் போல நிறம் மாறுகின்றன. அதைப் படமாக வரையும்படி அவர் கட்டளையிட்டார். உஸ்தாத் மன்சூர் தீட்டிய வான்கோழி ஓவியம் இன்று லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஜஹாங்கீரும் மயிலோடுதான் ஒப்பிட்டார் என்பதைக் கவனியுங்கள். இந்தியக் கண்ணுக்கு அந்த ஒப்புமை இயல்பாகவே வருகிறது. ஆனால் அவர் பார்வையில் ஏளனம் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டவரின் ஆர்வம் இருக்கிறது. மயில் முதலில் இருந்தது, இது பிறகு வந்தது என்பதால், இது அதைப் பார்த்துக் கற்றது என்று அவர் சொல்லவில்லை.

உண்மையில் வான்கோழி மயிலைப் பார்த்ததே இல்லை. மயிலின் தாயகம் இந்தியத் துணைக்கண்டம். இரண்டுக்கும் இடையே பெருங்கடல்கள். இரண்டும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் தூரத்து உறவு உண்டு. ஆட்டம் மட்டும் தனித்தனி. வான்கோழிச் சேவல் தன் காட்டில், தன் பெட்டையின் முன்னால் ஆடியது. அலகின் மேல் தொங்கும் சதை நீளமாக உள்ள சேவல்களையே பெட்டைகள் விரும்பித் தேர்ந்தெடுக்கின்றன என்று 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. நமக்கு அருவருப்பாகத் தெரியும் அந்தச் சதைதான் அங்கே அழகு. நடுவர் பெட்டை. அந்த அவையில் மயிலுக்கு நாற்காலி கிடையாது.

*

அழகு பற்றிய அந்தத் தீர்ப்பை மெக்சிகோ மக்கள் கேட்டால் திகைத்திருப்பார்கள். நாவா மொழி பேசிய அஸ்தெக்குகளிடம் வான்கோழி உருவில் ஒரு தெய்வமே இருந்தது. சல்சியுத்தோத்தோலின் என்பது அதன் பெயர். பச்சை மணிக்கல் வான்கோழி என்று பொருள்.

இன்றைய அமெரிக்காவின் தென்மேற்கில் வாழ்ந்த பூர்வ புவெப்லோ மக்கள் நீண்ட காலம் வான்கோழியை முக்கியமாக இறகுக்காகவே வளர்த்தார்கள். மக்காச்சோளம் போட்டு வளர்த்து, இறகு உதிரும் பருவத்தில் வலிக்காமல் எடுத்து, நாரில் சுற்றிப் போர்வை நெய்தார்கள். யூட்டா பகுதியில் கிடைத்த சுமார் 800 ஆண்டுப் பழைய போர்வை ஒன்றை ஆராய்ந்தவர்கள், அதில் ஏறத்தாழ 11,500 இறகுகள் இருப்பதாக 2020-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தக் குளிர்நாட்டில் பிறந்த குழந்தையைச் சுற்றியதும் இறந்தவரை மூடியதும் அந்தப் போர்வைதான். கொல்லாமல் கொள்ளும் உறவு ஒன்று, இறைச்சி உறவுக்கு முன்னால் இருந்தது.

மெக்சிகோவில் அது சந்தைப் பொருளாகவும் இருந்தது. ஸ்பானிய ஆட்சி வந்தபின் 1545-இல் தலாஸ்கலாவில் எழுதப்பட்ட ஒரு விலைப்பட்டியலில் வான்கோழிப் பெட்டையின் விலை 100 கொக்கோ விதை, முட்டையின் விலை 3 விதை. அந்தக் காலத்து மெக்சிகோவை விவரிக்கும் ஃபுளோரன்டைன் சுவடியில், உரலை ஒத்த கல்லின்முன் மண்டியிட்டுச் சோளம் அரைக்கும் பெண்களின் படங்கள் இருக்கின்றன. வான்கோழிக் கறி வைத்து வேகவைத்த சோள மாவுக் கொழுக்கட்டைதான் அங்கே விருந்தின் உயிர். விருந்தை எடுத்தவர் வணிகராகவோ பிரபுவாகவோ இருப்பார். மாவு அரைத்தது பெண்கள். வெற்றிகொண்டவர்கள் ஊர்களிடமிருந்து வான்கோழியை வரியாகவும் வாங்கினார்கள். வரி கட்டியவர் பட்டியலில் ஊர்த்தலைவர் பெயர் இருக்கும். வீட்டு முற்றத்தில் தீனி போட்டவள் பெயர் இருக்காது.

மெக்சிகோவின் புகழ்பெற்ற பண்டிகை உணவு, வான்கோழியை மிளகாயும் கொக்கோவும் அரைத்த குழம்பில் போடும் ‘மோலே’. புவெப்லா நகரின் சாந்தா ரோசா கன்னிமாடத்தில் ஒரு கன்னியாஸ்திரி அதைக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஒரு பெண்ணுக்குப் பெருமை கிடைத்ததே என்று மகிழத்தான் தோன்றும். ஆனால் மோலே என்ற சொல்லே குழம்பைக் குறிக்கும் நாவா சொல்லான ‘மோல்லி’யிலிருந்து வந்தது. மிளகாயையும் கொக்கோவையும் அம்மியில் அரைத்த பூர்வகுடிப் பெண்கள் அந்தக் கதைக்குள் இல்லை. பெண்களுக்குள்ளும் யாருடைய பெயர் நிற்கிறது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

*

ஐரோப்பாவுக்குப் போன பறவைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஆங்கிலேயருக்கு அது துருக்கியிலிருந்து வந்தது, டர்க்கி. துருக்கியருக்கு இந்தியாவிலிருந்து வந்தது, ‘ஹிந்தி’. பிரெஞ்சுக்காரர்களும் இந்தியக் கோழி என்ற பொருளில் ‘டாண்ட்’ என்றார்கள். டச்சுக்காரர்கள் நம் கோழிக்கோட்டின் பெயரை வைத்துக் ‘கல்கூன்’ என்றார்கள். அந்தச் சொல் கப்பலேறி இலங்கைக்குப் போய்ச் சிங்களத்தில் ‘களுகும்’ ஆனது. போர்த்துகீசியர் ‘பெரு’ என்றார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் ராயக்கோட்டைக்காரி, மாலூர்க்காரி என்பார்கள். பல நேரம் அது அவள் பிறந்த ஊராகக்கூட இருக்காது. கடைசியாகப் பேருந்து ஏறிய ஊராக இருக்கும். வான்கோழியும் அப்படி ஊர் பெயரால், அதுவும் தப்பான ஊர் பெயரால், அழைக்கப்பட்ட பறவை. தமிழ் மட்டும் ஊரை ஒட்டாமல் ‘வான்’ சேர்த்தது. வான் என்பதற்குப் பெருமை என்றும் பொருள் உண்டு. பெயரில் பெருமை, பாட்டில் இழிவு.

வான்கோழியைப் பண்டிகை உணவாக உலகம் முழுக்க அறிமுகப்படுத்தியது அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள். அதன் மூலக்கதையாகச் சொல்லப்படுவது 1621-இல் பிளிமத் குடியேறிகளும் வாம்பனோக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்து. மேஃபிளவர் கப்பலில் வந்த மனைவியர் பதினெட்டுப் பேரில் அந்த இலையுதிர் காலத்தில் உயிரோடு இருந்தவர்கள் நால்வர். ஏறத்தாழ ஐம்பது குடியேறிகளுக்கும் தொண்ணூறு விருந்தினருக்கும் மூன்று நாள் உணவு. அடுப்படியில் நான்கு பெண்களும் சிறுமிகளும், கூடமாட உதவியவர்களும். எட்வர்ட் வின்ஸ்லோ அந்த விருந்தைப் பற்றி எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகள் உண்டு, மான்கள் உண்டு. வான்கோழி என்று தனியாக ஒரு சொல் இல்லை. சமைத்தவர்களைப் பற்றியும் இல்லை. அதற்குப் பின் தம் நிலத்தை இழந்த பூர்வகுடிகள் 1970 முதல் அதே நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள்.

வான்கோழியை அந்த நாளின் மேசைக்கு ஏற்றியதில் ஒரு பெண்ணின் பேனாவுக்குப் பெரிய பங்கு உண்டு. சாரா ஜோசபா ஹேல், 1788-இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். ஐந்து குழந்தைகளோடு இளம் வயதில் விதவையானார். வாழ்நாள் முழுதும் கறுப்பு உடை. பிழைப்புக்காக எழுத வந்தார். 1827-இல் வெளியான அவரது ‘நார்த்வுட்’ நாவலில் ஒரு நன்றி நாள் விருந்து அத்தனை பண்டங்களோடும் விவரிக்கப்படுகிறது. மேசையின் தலைப்பக்கத்தில் பொரித்த வான்கோழி. பிறகு ‘கோடீஸ் லேடீஸ் புக்’ என்ற பெண்கள் இதழை 1837 முதல் 1877 வரை நாற்பது ஆண்டுகள் நடத்தினார். சமையல் குறிப்புகள், கதைகள், தலையங்கங்கள் வழியாக அந்த விருந்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தார். அதை நாடு முழுமைக்குமான விடுமுறையாக்கக் கோரி, 1846 முதல் ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 செப்டம்பர் 28-இல் லிங்கனுக்கு எழுதினார். அக்டோபர் 3-இல் லிங்கனின் அறிவிப்பு வந்தது. நாட்காட்டியில் லிங்கன் நின்றார். ஹேலை இன்று பலருக்கு ஒரு ஆட்டுக்குட்டிப் பாட்டின் ஆசிரியராக மட்டுமே தெரியும்.

ஹேலை நம் முன்னோடி என்று கொண்டாடுவது எளிதல்ல. பெண்கல்விக்காகப் பாடுபட்டவர், பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்றும் வாதிட்டவர். பெண்ணின் ஆட்சி வீட்டுக்குள் என்று நம்பினார். அவர் நாட்டுக்குக் கொடுத்த விடுமுறை, வீட்டுப் பெண்ணுக்கு ஆண்டின் மிக நீண்ட வேலைநாளானது. பொழுது விடியும் முன்பே எழுந்து, பறவைக்குள் அடைத்து, மணிக்கணக்கில் வேகவிட்டு, கடைசியில் மேசைக்கு வரும்போது கத்தியைக் கையில் எடுத்து அறுத்துப் பரிமாறுபவர் வீட்டுத்தலைவர். படம் எடுப்பதும் அந்த நேரத்தில்தான். நம் வீட்டுப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

*

வான்கோழி சமையலறையின் அளவுக்கு ஏற்ப உடல் மாறிய கதை 20-ஆம் நூற்றாண்டில் நடந்தது. அமெரிக்கக் குடும்பங்கள் சிறுத்தன. நகர வீடுகளின் அடுப்பும் குளிர்பெட்டியும் சிறியவை. பெரிய பறவை அவற்றுள் நுழையவில்லை. 1930களில் மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில் அரசு ஆய்வுப்பண்ணையில், அந்த அடுப்புக்குள் அடங்கும் சிறிய வெள்ளை இனம் ஒன்றை உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் பெயர் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை. இல்லத்தரசியின் அடுப்பு ஒரு பறவையின் உடலை வரைந்தது.

பிறகு தொழிற்சாலை முறை வந்து எதிர்த்திசையில் இழுத்தது. மார்புக்கறிக்காக அகன்ற மார்புடைய இனங்களை வளர்த்தார்கள். அந்தச் சேவல்கள் கனம் தாங்காமல் பெட்டையோடு இயல்பாகச் சேர முடியாத நிலைக்கு வந்தன. இன்று உலகச் சந்தைக்கு வரும் வான்கோழிகளில் மிகப் பெரும்பாலானவை செயற்கைக் கருவூட்டலில் பிறப்பவை. தன் சேவலைத் தேர்ந்தெடுத்த பெட்டை, தேர்வே இல்லாமல் வரிசையில் பிடித்து நிறுத்தப்படுகிறாள். கரோல் ஜே. ஆடம்ஸ் 1990-இல் எழுதிய இறைச்சியின் பாலியல் அரசியல் பற்றிய நூல், பெண்ணுடலும் விலங்குடலும் துண்டுகளாகப் பார்க்கப்படுவதன் ஒற்றுமையைப் பேசியது. எல்லா இறைச்சியையும் ஒரே தட்டில் வைக்கும் அந்த வாதத்தை, மாட்டிறைச்சி உண்பதற்காகவே மனிதர்கள் தாக்கப்படும் நம் நாட்டில் நான் முழுதாக ஏற்பதில்லை. ஆனால் இனப்பெருக்கத்தை உற்பத்தி அலகாக மாற்றும் இடத்தில் அவர் சுட்டும் விரலைத் தட்டிவிடவும் முடியவில்லை.

அந்தச் சிறிய வெள்ளை தமிழ்நாட்டுக்கும் வந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் சென்னை நந்தனத்தில் இருந்தது. அங்கே நம் ஊர்க் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளையையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி-1’ என்ற இனத்தை உருவாக்கினார்கள். நம் வெயிலுக்கு ஏற்றது, புறக்கடையில் மேய்ந்து வளரக்கூடியது. அமெரிக்க அடுப்பின் அளவும் தமிழ்க் கொல்லையின் வெயிலும் அதன் உடலில் சேர்ந்திருக்கின்றன.

*

இனி எங்கள் எல்லைக்கு வருகிறேன். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு 40 கிலோமீட்டர். 1809-இல் ஆங்கிலேயர் அங்கே கண்டோன்மென்ட் அமைத்தார்கள். ஓசூரின் மத்திகிரியில் அவர்கள் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை, பிறகு அரசுக் கால்நடைப் பண்ணையாக நீடித்தது. அதே மத்திகிரியில் இன்று கோழியினத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கும் அரசுக் கல்லூரி இருக்கிறது. ராணுவ ஊருக்குத் தீனி போட்ட பின்கட்டாகவே எங்கள் பகுதியின் பல தொழில்கள் தொடங்கின. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் எழுதிய, இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் பெண்களுக்கான இல்லப் பராமரிப்புக் கையேடு, பணியாளர்களை ஆள்வதையும் மாடு, கோழி பராமரிப்பையும் துரைசானிகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது. துரைசானி கணக்கு எழுதினாள். கூண்டைக் கூட்டியவர்கள் நம் ஆட்கள்.

ஆங்கிலேயர் போனபிறகும் கிறிஸ்துமஸ் வான்கோழி பெங்களூரில் தங்கிவிட்டது. 1927-இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட்டில் டிசம்பர் வந்தால் வான்கோழிக்குத் தனி மவுசு. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் யுகாதிக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் நாட்டுக்கோழிதான். வான்கோழி இங்கே வளரும், அங்கே பண்டிகையாகும்.

கெலமங்கலத்துக்கு அப்பால் ஒரு ஊரில் வான்கோழி வளர்க்கும் ஒரு அக்காவிடம் சில முறை போய்ப் பேசியிருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், வியாபாரியிடம் கன்னடம். பள்ளிக்கூடம் போனதில்லை. நாட்டுக்கோழி முட்டை 21 நாளில் பொரியும், வான்கோழி முட்டைக்கு 28 நாள். அடைக்கோழிக்கு அடியில் வான்கோழி முட்டை வைத்தால் அது ஏழு நாள் கூடுதலாக உட்கார வேண்டும். “ஊரான் புள்ளைக்கு ஒரு வாரம் சேத்து உக்காருது மேடம். எறங்கி வந்தா நான் தூக்கி வைப்பேன். அதுக்கும் கால் வலிக்கும் இல்ல?” என்றார்.

பொரித்த குஞ்சுக்குத் தீனி எது, தண்ணீர் எது என்று தெரியாது. பட்டினி கிடந்தே செத்துப்போகும். முதல் பதினைந்து நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால் கலந்து, பத்துக் குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை உதிர்த்து, பழக்கி ஊட்ட வேண்டும் என்கின்றன கால்நடைப் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டிகள். அக்கா எந்த வழிகாட்டியும் படித்தவரில்லை. தட்டில் விரலால் டொக் டொக் என்று தட்டிக்கொண்டே இருப்பார். தாய்க்கோழி கொத்தும் சத்தம் அது. “பதினஞ்சு நாளைக்கு நான்தான் அம்மா” என்றார். வளர்ந்த வான்கோழியைக் கோழிகளோடு நெருக்கமாக விடக்கூடாது, கோழியைப் பெரிதாகப் பாதிக்காத ஒரு நோய் வான்கோழியின் ஈரலைத் தின்றுவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். “ஒண்ணா பொரிக்கலாம், ஒண்ணா வளக்கக் கூடாது” என்பது அவர் சூத்திரம்.

“ரேட்டு யாருக்கா பேசுவாங்க?” என்று கேட்டேன். “எத்தன கிலோன்னு நான் கண்ணாலயே சொல்லிருவேன். ரேட்டு பேசறது அவரு. முட்டைக் காசு மட்டும் எனக்கு” என்றார். டிசம்பரில் வண்டி வந்து நிற்கும்போது பணம் சட்டைப்பைக்குப் போகிறது.

இந்தக் கணக்கு அவர் வீட்டோடு முடிவதில்லை. எங்கள் மாவட்டத்தில் ஒப்பந்தமுறைக் கறிக்கோழிப் பண்ணைகள் நிறைய. நிறுவனம் குஞ்சும் தீவனமும் தரும், வளர்ந்ததை எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தம் பெரும்பாலும் பட்டா வைத்திருக்கும் ஆணின் பெயரில். கொட்டகையில் ராப்பகலாக நிற்பவர்களில் பாதி பெண்கள். புறக்கடை நாட்டுக்கோழிகளை ஏழைப் பெண்களுக்குத் தரும் அரசுத் திட்டங்கள் பெண் பெயரிலேயே கொடுக்கின்றன. அது நல்ல மாற்றம். ஆனால் புறக்கடை என்று ஒன்று இருந்தால்தானே புறக்கடைக் கோழி?

1970களில் சிப்காட் வந்தது. அதன்பின் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் ஆலைகள் பெருகிக்கொண்டே போகின்றன. அக்காவின் மகள் இப்போது கைப்பேசி பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறாள். மாதச் சம்பளம் அவள் பெயரில், அவள் வங்கிக் கணக்கில் வருகிறது. அம்மாவின் பதினைந்து நாள் தாய்மைக்குக் கிடைக்காத அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே நேரம், வான்கோழி மேய்ந்த புறம்போக்கில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறார்கள். அடைத்துவைத்தால் தீவனச் செலவு கட்டாது. அக்கா ஆண்டுக்காண்டு முட்டை வைப்பதைக் குறைத்துவருகிறார். ஒரு தலைமுறைக்குச் சம்பளம் வந்தபோது, முந்தைய தலைமுறையின் அறிவுக்கு விலையே இல்லாமல் போகிறது. இரண்டும் சேர்ந்திருக்க வழியே இல்லையா என்பதுதான் என் கேள்வி.

*

மூதுரையைப் பாடத்திட்டத்திலிருந்து எடுக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் அதை விரும்பிப் படிப்பவள், நடத்துபவள். ஆனால் அந்த வெண்பாவை நடத்தும்போது பறவையின் வரலாற்றையும் சேர்த்தே நடத்துகிறேன். மயிலைப் பார்க்காமலே ஆடியது அது என்று சொல்லும்போது, கடைசி பெஞ்சில் நிமிர்ந்து உட்காருபவர்களைப் பார்க்கிறேன். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று இருப்பவள் எழுதும் கவிதை, யாரையோ பார்த்துச் செய்த நகலாக இருக்க வேண்டியதில்லை. அவளுக்கு வேறொரு காடு இருக்கிறது. அங்கே எது அழகு என்பதை அந்தக் காட்டுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடம் போகாத அக்காவைக் ‘கல்லாதவர்’ என்ற சொல்லுக்குள் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மூன்று மொழி பேசுகிறார், ஒரு நோயின் போக்கை அறிந்திருக்கிறார், கண்ணால் எடை போடுகிறார். அவர் அறிந்ததை யாரும் எழுதிவைக்கவில்லை.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாட்டியிடமும் அம்மாவிடமும் அவர்கள் வளர்த்த கோழியைப் பற்றிக் கேளுங்கள். அடைவைத்தது யார், குஞ்சுக்கு எதைக் கொடுத்தார்கள், பருந்திடமிருந்து எப்படிக் காத்தார்கள், பண்டிகைக்கு அறுத்தபோது எந்தத் துண்டு யார் இலைக்குப் போனது, விற்ற காசு யார் கையில் இருந்தது. கேட்டதை அவர்கள் பேசிய மொழியிலேயே எழுதிவையுங்கள். ழகரம் பிசகினால் பிசகட்டும்.